உபரி யாருடைய பையிலிருந்து வருகிறது? மைக்கேல் பெட்டிஸின் எழுத்துகளை முன்வைத்து

மைக்கேல் பெட்டிஸ் எழுதுவதைச் சில ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். வால் ஸ்ட்ரீட்டில் லத்தீன் அமெரிக்க நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் தொழிலில் இருந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெய்ஜிங்குக்குக் குடிபெயர்ந்து, பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் நிதியியல் பேராசிரியராக இருந்தபடி சீனப் பொருளாதாரத்தை அருகிலிருந்து கவனித்து எழுதியவர் அவர். கடன் பத்திரச் சந்தையில் பழகியவர் என்பதால், ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள அதன் தொழிற்சாலைகளுக்கு முன்னால் அதன் ஐந்தொகையைத்தான், அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கைத்தான், திறந்து பார்க்கிறார். உலக வர்த்தகத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அந்தப் பழக்கம் எப்படி மாற்றிவிடுகிறது என்பதை, சென்னையில் இருந்து படிக்கிற ஒருவனாக எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, திருப்பூர்ப் பின்னலாடை, ஆம்பூர்த் தோல் பொருள்கள், ஆந்திரக் கடற்கரை இறால் என்று நம் நாளிதழ்கள் தொடர்ந்து எழுதின. ஆர்டர் கைவிட்டுப் போன முதலாளிக்கும், ஷிப்ட் குறைந்த தொழிலாளிக்கும் அந்தச் செய்திகள் வாழ்வாதாரப் பிரச்சினை. ஆனால் அவை எல்லாவற்றிலும் அடிநாதமாக இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்த நாடு அந்த நாட்டுக்கு எவ்வளவு விற்கிறது, பதிலுக்கு எவ்வளவு வாங்குகிறது? பெட்டிஸ் இந்தக் கேள்வியையே ஏற்பதில்லை. இரண்டு நாடுகளுக்கு இடையிலான பற்றாக்குறை எதையும் விளக்குவதில்லை என்கிறார். ஒரு நாடு உலகத்தோடு மொத்தமாக வைத்திருக்கும் உபரியோ பற்றாக்குறையோதான் முக்கியம். அதுவும் அந்த நாட்டுக்குள் வருமானம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதன் விளைவு.

அவருடைய வாதத்தின் அச்சாணி, எந்தப் பொருளியல் பாடநூலிலும் இருக்கும் ஒரு கணக்கு. ஒரு நாடு ஈட்டியதில் நுகர்வுக்குச் செலவழிக்காமல் விடுவது சேமிப்பு. அந்தச் சேமிப்பு உள்நாட்டு முதலீட்டைவிட அதிகமாக இருந்தால், மிச்சம் ஏதோ ஒரு வடிவில் வெளிநாட்டுக்குப் போயாக வேண்டும். அப்படிப் போகும் தொகையும், வெளிநாடுகளோடு நடக்கும் சரக்கு, சேவை, வருமான வரவு செலவான நடப்புக் கணக்கின் உபரியும் ஒன்றே. ஒரு நாட்டின் உபரி இன்னொரு நாட்டின் பற்றாக்குறையாக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் உலகம் செவ்வாய் கிரகத்தோடு வணிகம் செய்வதில்லை. இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இராது. பெட்டிஸ் அடுத்து எடுத்துவைக்கும் அடிதான் பலருக்கு உறைக்கிறது. ஒரு நாட்டின் சேமிப்பு விகிதம் உயர்ந்திருப்பதற்கு அந்நாட்டு மக்களின் சிக்கனம் காரணமல்ல, உற்பத்தியில் குடும்பங்களின் கைக்கு வரும் பங்கு குறைவாக இருப்பதே காரணம் என்கிறார். கைக்கு வராத பணத்தை யாரும் செலவழிக்க முடியாது. அது நிறுவனங்களின் லாபமாகவும் அரசின் வரவாகவும் நின்றுவிடுகிறது. புள்ளிவிவரத்தில் அதற்குச் சேமிப்பு என்று பெயர்.

சீனாவில் இது எப்படி நடந்தது என்பதை அவர் நுணுக்கமாக எழுதியிருக்கிறார். வங்கியில் போட்ட பணத்துக்குத் தரப்பட்ட வட்டி, நாட்டின் வளர்ச்சி வேகத்தோடு ஒப்பிட்டால் பல ஆண்டுகளுக்கு மிகக் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. அதே மலிவான பணம் அரசு நிறுவனங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கடனாகப் போனது. ஆக, ஒவ்வொரு சேமிப்பாளரும் தமக்கே தெரியாமல் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார். கிராமத்தில் இருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவர், ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு முறையால், நகரத்தின் பள்ளியையும் மருத்துவமனையையும் நகரவாசியைப் போலப் பயன்படுத்த முடியவில்லை. சுதந்திரமான தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. நாணயத்தின் மதிப்பு குறைத்து வைக்கப்பட்டதால் இறக்குமதிப் பொருள் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் கூடுதல் விலை கொடுத்தது. இவையெல்லாம் சேர்ந்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் குடும்பங்களின் நுகர்வு 2010 வாக்கில் 35 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இன்றும் 40 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. இந்தியாவில் அது ஏறத்தாழ 60 சதவீதம். 2007-ல் சீனாவின் நடப்புக் கணக்கு உபரி அதன் மொத்த உற்பத்தியில் சுமார் 10 சதவீதத்தைத் தொட்டது. 2024-ல் அதன் சரக்கு வணிக உபரி மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலர்.

பொருளாதாரப் பத்திரிகையாளர் மேத்யூ கிளைனுடன் சேர்ந்து 2020-ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே வர்த்தகப் போர்கள் வர்க்கப் போர்கள் என்கிறது. நாடுகளுக்கு இடையில் நடப்பதாகத் தெரியும் சண்டை, உண்மையில் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் செல்வம் சேர்ந்தவர்களுக்கும் உழைக்கும் குடும்பங்களுக்கும் இடையில் நடக்கும் பங்கீட்டுச் சண்டையின் நீட்சி என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சீனா அல்ல, இரண்டாம் உலகப் போர்க்கால இந்தியா.

1939-ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவில் பிரிட்டன் போருக்காக வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் உரிய தொகை லண்டனில் ஸ்டெர்லிங் இருப்பாக, அதாவது பிரிட்டிஷ் பவுண்டில், வரவு வைக்கப்பட்டது. அதை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. சரக்கு வெளியே போனது, நோட்டு உள்ளே பெருகியது, விலைவாசி ஏறியது, கூலிக்காரர்களின் வாங்கும் சக்தி கரைந்தது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. போர்க்காலப் பணவீக்கம் அவற்றுள் முக்கியமான ஒன்று. போர் முடிந்தபோது, அதுவரை பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியா, சுமார் 130 கோடி பவுண்டு இருப்பு வைத்திருக்கும் கடன்காரராக, அதாவது கடன் கொடுத்தவராக, மாறியிருந்தது. புத்தகக் கணக்கில் பார்த்தால் அது பெரும் உபரி. அந்த உபரியைச் சேமித்தவர் யார் என்று கேட்டால், சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல் போனவர்கள்தான். பெட்டிஸ் எழுதும் கட்டாயச் சேமிப்பு என்பதன் மிகக் கொடிய வடிவம் நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டை வகுக்க 1944-ல் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் இருந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். அந்த ஸ்டெர்லிங் இருப்பை வேறு நாணயங்களாக மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. அந்த மாநாட்டுக்கு முன்பே பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸ் முன்வைத்திருந்த திட்டத்தில், பற்றாக்குறை நாட்டைப் போலவே உபரி நாட்டின் மீதும் கட்டணம் விதித்துச் சரிசெய்யும் பொறுப்பைச் சுமத்தும் பன்னாட்டு நாணய ஏற்பாடு இருந்தது. அன்று உலகின் மிகப் பெரிய உபரி நாடாக இருந்த அமெரிக்கா அதை ஏற்கவில்லை. பெட்டிஸ் தம் கட்டுரைகளில் இந்த இடத்துக்கு மீண்டும் மீண்டும் வருகிறார். கெய்ன்ஸ் தோற்ற அந்த விவாதத்தின் விலையைத்தான் உலகம் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கும் அதில் ஐயமில்லை.

அவர் எழுதியவற்றில் நான் அதிகம் திரும்பிப் படிப்பது, யூரோ நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது ஜெர்மனியையும் ஸ்பெயினையும் பற்றி எழுதியதைத்தான். பெட்டிஸ் ஸ்பெயினில் பிறந்தவர். உழைப்பாளி ஜெர்மானியர், ஊதாரி ஸ்பானியர் என்று ஐரோப்பிய ஏடுகள் எழுதிய நீதிக்கதையை அவர் ஓர் ஐந்தொகையை வைத்தே உடைத்தார். 2003 முதல் 2005 வரை ஜெர்மனி கொண்டுவந்த தொழிலாளர் சீர்திருத்தங்களால் அங்கே ஊதியம் தேங்கியது, லாபம் ஏறியது, நுகர்வு வளரவில்லை. 2000-ல் பற்றாக்குறையில் இருந்த ஜெர்மனி 2007-க்குள் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 7 சதவீத உபரிக்கு வந்துவிட்டது. அந்த உபரிப் பணம் யூரோ வட்டாரத்துக்குள் எளிதாகப் பாயக்கூடிய இடங்களைத் தேடிப் போனது. ஸ்பெயினில் வட்டி விழுந்தது, வீடு கட்டும் தொழில் கொழித்தது, மனை விலை ஏறியது, ஏறிய விலையைக் காட்டி மேலும் கடன் வாங்கப்பட்டது. 2007-ல் ஸ்பெயினின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 10 சதவீதம்.

வெளிநாட்டுப் பணம் அந்த அளவுக்கு உள்ளே வரும்போது ஒரு நாட்டின் முன்னால் இருக்கும் வழிகள் சிலவே என்கிறார் பெட்டிஸ். பயனுள்ள முதலீடு கூடலாம். பயனற்ற முதலீடு கூடலாம். கடன் வாங்கிச் செய்யும் நுகர்வு கூடலாம். இவை எதுவும் நடக்காவிட்டால் வேலையில்லாத் திண்டாட்டம் கூடும், ஏனென்றால் வருமானம் இழந்தவரின் சேமிப்பும் இறங்கும். முதலீடு கூடாமல் நாடு சேமிப்பையும் கூட்டிக்கொள்ளலாம் என்ற வழி கணக்கிலேயே இல்லை. ஆகவே ஸ்பானியர்களின் குணத்தில் குற்றம் தேடுவது வீண் வேலை. 2013-ல் அந்த நாட்டில் நான்கு பேரில் ஒருவருக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தார்கள்.

இந்த வாதத்துக்கு அவர் காட்டும் சான்று என்னை வியக்க வைத்தது. 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ், வென்ற ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. அதை 1873-க்குள் கட்டியும் முடித்தது. அது கடன் அல்ல. திருப்பித் தர வேண்டாத பணம். ஒரு நாட்டுக்கு இதைவிட நல்ல காலம் வர முடியாது என்று தோன்றும். நடந்தது என்னவென்றால், ஜெர்மனியில் புதிய நிறுவனங்கள் மளமளவென்று தொடங்கப்பட்டன, பங்கு விலைகள் வெறிபிடித்து ஏறின, பெர்லின் மனை விலை எகிறியது, 1873-ல் வியன்னாவில் தொடங்கிய சரிவு பெர்லினையும் சாய்த்தது. சிக்கனத்துக்குப் பேர்போன அதே ஜெர்மானியர்கள்தான். வெள்ளமாகப் பணம் வந்தபோது அவர்களும் 2000-களின் ஸ்பானியர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். பண வரவு குணத்தை மாற்றும், குணம் பண வரவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாற்று எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பது ஒன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பெரியப்பா மகன் ஒரு மோல்டிங் பட்டறை நடத்துகிறார். மின்சாதனங்களுக்கான பிளாஸ்டிக் உறைகள் செய்கிறார். அண்மையில் போயிருந்தபோது மேசைமேல் இரண்டு உறைகளை வைத்தார். ஒன்று அவர் செய்தது, ஓரங்களில் பிசிறு வெட்டிய இடம் இன்னும் வெண்மையாக இருந்தது. மற்றது ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவர் வாங்கிவந்த சீன உறை, வழவழப்பாக, பெயர்கூடப் பொறிக்காமல். "மெட்டீரியல் விலைக்கே இவன் முழு பீஸ் தர்றான் தம்பி. கரண்ட்டு, கூலி, மோல்டு செலவு இதெல்லாம் எந்தக் கணக்குல எழுதறான்னு எனக்குப் புரியல" என்றார். அவருடைய மெஷினும் சீனாவின் நிங்போவில் இருந்து வந்ததுதான். அதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக ஓடுகிறது என்றே சொன்னார். அவருடைய கேள்விக்கு பெட்டிஸ் தரும் பதில், அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சீனக் குடும்பங்கள் குறைந்த வட்டியாகவும் குறைந்த சமூகப் பாதுகாப்பாகவும் ஏற்கெனவே கட்டிவிட்டன என்பது. உழைப்புத் திறமும், துறைமுகமும், பக்கத்திலேயே உதிரிப்பாகம் கிடைக்கும் வசதியும் சீனாவின் உண்மையான பலங்கள். அவற்றை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அவை மட்டுமே காரணமாக இருந்தால், சீனா தான் ஈட்டியதைக் கொண்டு உலகத்திடம் இருந்தும் அதே அளவுக்கு வாங்கியிருக்கும். விற்கும் திறம் உபரியைத் தராது. வாங்க முடியாத மக்கள்தான் உபரியைத் தருகிறார்கள்.

நிதிச் சந்தைகளைப் பற்றிய அவருடைய பழைய நூல் 2001-ல் வந்தது. வர்த்தகத்தைப் பற்றிய எழுத்துகளைவிட அது குறைவாகவே பேசப்படுகிறது. ஏழை நாடுகளுக்குள் வெளிநாட்டு முதலீடு வருவது அந்த நாடுகளின் சீர்திருத்தத்தை மெச்சி அல்ல, பணக்கார நாடுகளில் பணம் தாராளமாகப் புழங்குவதால்தான் என்பது அதன் அடிப்படை. அதோடு, கடனின் அளவைவிட அதன் அமைப்பே ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்கிறார்: நல்ல காலத்தில் சுமை குறைந்து கெட்ட காலத்தில் சுமை கூடும்படி அமைந்த கடன், குறிப்பாகக் குறுகிய காலத்துக்கு அயல்நாட்டு நாணயத்தில் வாங்கிய கடன், சிறு அதிர்ச்சியையும் பேரிடராக்கிவிடும்.

நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. 1991-ல் குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க ஆளில்லாமல், வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புகளும் வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்நியச் செலாவணி சில வாரங்களுக்கே போதும் என்ற நிலை வந்து, தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தோம். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கி, பத்திரம் வாங்குவதைக் குறைக்கப் போவதாகக் கோடிகாட்டிய அளவிலேயே இங்கிருந்து பணம் கிளம்பியது. 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68-ஐத் தொட்டது. அந்த மூன்று மாதங்களில் அம்பத்தூரிலோ ஓசூரிலோ எந்தத் தொழிற்சாலையின் திறமும் மாறவில்லை. 2012-13-ல் நம் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 4.8 சதவீதமாக இருந்தது நமக்கு இருந்த பலவீனம். பணம் வந்ததற்கும் போனதற்கும் காரணம் வாஷிங்டனில் இருந்தது.

இந்தப் பார்வையோடுதான், 2024 ஜூனில் இந்திய அரசுப் பத்திரங்கள் உலக முதலீட்டு நிதிகள் பின்பற்றும் ஜே.பி.மோர்கனின் வளரும் நாடுகள் பத்திரக் குறியீட்டில் சேர்க்கப்பட்டதையும் பார்க்கிறேன். அதை வெற்றிச் செய்தியாகவே பெரும்பாலோர் வரவேற்றார்கள். அரசுக்குக் கடன் சற்று மலிவாகக் கிடைக்கலாம் என்பது உண்மை. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு டாலரும், ரிசர்வ் வங்கி அதை வாங்கிக் கையிருப்பில் வைக்காவிட்டால், வேறு வழியில் அதே அளவு பணம் வெளியேறவும் இல்லாவிட்டால், நடப்புக் கணக்குப் பற்றாக்குறையாகத்தான் வெளிப்படும். அந்தப் பணம் புதிய துறைமுகமாகவும் மின்நிலையமாகவும் மாறினால் நல்லது. ரூபாயின் மதிப்பைத் தூக்கிவிட்டு என் பெரியப்பா மகனின் உறையை இன்னும் விலை கூடியதாக்கினால் அது யாருக்கும் நன்மை அல்ல. பத்திரங்கள் ரூபாயில் இருப்பதால் 1991-ஐப் போன்ற ஆபத்து இல்லை என்பதையும் பெட்டிஸின் அளவுகோலை வைத்தே சொல்லலாம்.

அவரோடு நான் உடன்படாத இடங்களும் உண்டு. அமெரிக்கப் பற்றாக்குறைக்கு வெளியிலிருந்து தள்ளப்படும் பணமே காரணம் என்று அவர் எழுதும்போது, அமெரிக்காவே எடுத்த முடிவுகளை மிகவும் சிறிதாக்கிவிடுகிறார். 2001, 2003, 2017 ஆண்டுகளின் வரிக் குறைப்புகளையும் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுகளையும் எந்த உபரி நாடும் வாஷிங்டனின் மீது திணிக்கவில்லை. சேமிப்பும் முதலீடும் சமமாக வேண்டும் என்ற கணக்கு, எது எதை இழுத்தது என்பதைத் தன்னளவில் சொல்லாது. ஸ்பெயின் விஷயத்தில் ஒரே நேரத்தில் வட்டி விழுந்ததும் மனை விலை ஏறியதும் அவருக்குச் சாட்சியாக நிற்கின்றன, அமெரிக்க விஷயத்தில் சாட்சியம் அவ்வளவு உறுதியாக இல்லை. சீனாவின் வளர்ச்சி 3 அல்லது 4 சதவீதத்துக்கு இறங்கும் என்று 2010-களின் தொடக்கத்தில் அவர் சொன்னதும் அதிகாரபூர்வ எண்களில் நடக்கவில்லை; 2019 வரை அது 6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. பயனற்ற முதலீட்டை நட்டமாக எழுதாமல் வைத்திருப்பதால்தான் அந்த எண் அவ்வளவு அழகாக இருக்கிறது என்பது அவர் மறுமொழி. சீன மனை வணிகம் 2021-க்குப் பிறகு சரிந்த விதத்தைப் பார்க்கும்போது அந்த மறுமொழியைத் தள்ளிவிட முடியவில்லை.

தமிழ்நாடு இன்று மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் நாட்டின் முதல் மாநிலம். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து இரவும் பகலும் கண்டெய்னர்கள் புறப்படுகின்றன. 2030-க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்ற இலக்கை மாநில அரசு வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் போட்டித்திறன் என்ற பெயரில் எதைக் குறைக்கிறோம் என்பதுதான் எனக்கு உள்ள கவலை. 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடம்கொடுக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பின், சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களில், முதலீட்டாளர் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார் என்பதே முதன்மையாக இருந்தது. ஒரு மாநிலம் அப்படி நினைத்தால் அடுத்த மாநிலமும் அப்படியே நினைக்கும். எல்லோரும் கூலியைப் பிடித்து வைத்தால் நாம் செய்யும் பொருளை வாங்க உள்நாட்டில் ஆள் இராது, வெளிநாட்டில் தேட வேண்டும். சீனாவின் பங்கு போக மிஞ்சும் வெளிச்சந்தை அவ்வளவு பெரியதல்ல. அதன் வாசலில் 50 சதவீதம் வரை வரி எழுதப்பட்டதையும் பார்த்துவிட்டோம்.

இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2024-25-ல் மொத்த உற்பத்தியில் 0.6 சதவீதம்தான். முதலீட்டுக்கு ஏங்கும் ஒரு நாட்டுக்கு இது கவலைப்பட வேண்டிய எண்ணே அல்ல. மாதாமாதம் வரும் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை விட, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் விடுதி அறையில் தங்கி வேலை செய்யும் பெண்களின் மாதச் சம்பளம், விலைவாசி போக எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிட்டால், இந்த மாநிலம் எந்தப் பாதையில் போகிறது என்பதை நான் அதிலிருந்தே படித்துக்கொள்வேன்.